வெங்கர் சிலையின் கையில் இருக்கிற கோப்பை

நள்ளிரவுகன்னர் எழுதியது:

ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. லண்டனில் ஆர்சனல் கால்பந்துக் கிளப்பின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே 2023 ஜூலையில் முன்னாள் மேனேஜர் ஆர்சென் வெங்கருக்கு வெண்கலச் சிலை வைத்தார்களே, அதில் அவர் பிரீமியர் லீக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். அந்தக் கோப்பையை ஆர்சனலுக்கு அவர் மூன்று தடவை வாங்கிக் கொடுத்தார், 1998, 2002, 2004. மூன்றுமே பழைய ஹைபரி மைதானத்துக் காலம். சிலை நிற்கிற இந்த மைதானத்தில் 12 சீசன் இருந்தார், ஒரு லீக் பட்டம்கூட இல்லை. சிலையைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்கு இது உறுத்துகிறது. கோப்பை வாங்கிய வெங்கரை எல்லோரும் கொண்டாடுகிறோம், இந்த மைதானத்தின் கடனைச் சுமந்த வெங்கரைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘அது சரிவுக் காலம்’ என்று முடித்துவிடுகிறோம்.

என் கட்சி இதுதான்: 2006 முதல் 2014 வரை அவர் செய்ததுதான் அவருடைய பெரிய வேலை. 2003-04 சீசனில் 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே கிடையாது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அணியில் ஹென்றி, பெர்க்காம்ப், வியேரா, சால் காம்ப்பெல் எல்லோரும் இருந்தார்கள். அப்புறம் 38,000 பேர் உட்காரும் இடத்திலிருந்து 60,000 பேர் உட்காரும் இடத்துக்கு, 39 கோடி பவுண்டு செலவில் கிளப் மாறியது. அந்த மாற்றத்தை ஒட்டி ஒவ்வொரு கோடையிலும் யாரையாவது வழியனுப்பினோம். 2005 இல் வியேரா, 2006 இல் ஆஷ்லி கோல், 2007 இல் ஹென்றி, 2009 இல் அடேபயோரும் கோலோ டூரேயும், 2011 இல் ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும், 2012 இல் வான் பெர்சி. மிச்சம் இருந்த பையன்களை வைத்து ஒரு வருடம்கூட நாலாம் இடத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டார். நாலாம் இடத்துக்குள் வந்தால் கிடைக்கிற ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பணம் இரண்டு வருடம் தொடர்ந்து வராமல் போயிருந்தால் அந்தக் கடன் தவணை என்ன ஆகியிருக்கும்? யாராவது யோசித்தீர்களா?

பத்தாம்நம்பர் எழுதியது:

யோசித்திருக்கிறேன் நண்பரே, நிறையவே. இருந்தாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாலாம் இடத்துக்குக் கோப்பை தருவதில்லை. 2013 மே மாதம் கடைசி நாளில் நியூகாசிலில் கொசியெல்னி கோலில் 1-0 ஜெயித்து, டாட்டன்ஹாமை ஒரே ஒரு புள்ளியில் முந்தி நாலாம் இடம் பிடித்தோம். அன்றைக்கு நம் வீரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கப் போகும்போது ஒரு வருத்தம் வந்தது பாருங்கள், பெர்க்காம்ப் ஆடிய கிளப்பின் ரசிகன் நாலாம் இடத்துக்குச் சந்தோஷப்படும்படி ஆகிவிட்டதே என்று. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நம்மைப் பழக்கினார். அதையும் அவருடைய கணக்கில்தான் எழுதவேண்டும்.

கடன், மைதானம் என்று 2013 வரை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதற்கு அப்புறம்? 2015 கோடையில் பீட்டர் செக்கை மட்டும் வாங்கினோம். கோல்கீப்பரைத் தவிர களத்தில் ஆட ஒரு ஆள்கூட வாங்கவில்லை. அந்த வருடம்தான் செல்சி கீழே கிடந்தது, மான்செஸ்டர் சிட்டி தடுமாறியது, மான்செஸ்டர் யுனைடெட் தடுமாறியது. 2016 பிப்ரவரி 14 அன்று லெஸ்டருக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வெல்பெக் தலையால் முட்டி கோல் போட்டபோது நான் கூடத்திலிருந்து மாடிப்படி வரைக்கும் ஓடினேன், தூங்கிக்கொண்டிருந்த அம்மா பயந்து எழுந்துவிட்டார். பட்டம் நமக்குத்தான் என்று நம்பினேன். இரண்டு வாரம்தான். யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் 3-2 தோல்வி, ராஷ்ஃபோர்ட் என்ற 18 வயதுப் பையன் இரண்டு கோல் போட்டான். நாலு நாள்கூட ஆகவில்லை, சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 2-1 தோல்வி. கடைசியில் லெஸ்டர் 81 புள்ளியோடு பட்டம், நாம் 71. அந்த ஒரு சீசனுக்காக நான் அவரை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் என் தொழில் பழக்கத்தில் கொஞ்சம் சொல்கிறேன். கட்டுமானத்துக்கு வங்கிகள் 26 கோடி பவுண்டு கடன் கொடுத்தன. அந்தப் பணம் தேவைப்பட்டதால் விளம்பர ஒப்பந்தங்களை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தார்கள். 2004 இல் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தோடு போட்டது சுமார் 10 கோடி பவுண்டு, அதற்கு 15 வருடம் மைதானத்தின் பெயர், 8 வருடம் சட்டையில் பெயர். அன்றைக்கு அது பெரிய தொகை. நாலைந்து வருடத்தில் மற்ற கிளப்புகள் சட்டைக்கு மட்டுமே வாங்கிய தொகையோடு வைத்துப் பார்த்தால் நாம் மலிவாகப் போய் மாட்டிக்கொண்டோம், வெளியே வரவும் வழியில்லை. பழைய ஹைபரியை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றி விற்றார்கள், அதுவும் 2008 இல் வீட்டுச் சந்தை விழுந்த நேரம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2003 இல் செல்சியை ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் வாங்கினார், 2008 இல் சிட்டியை அபுதாபிக்காரர்கள் வாங்கினார்கள். மைதானத் திட்டம் போட்ட காலத்தில் இவர்கள் யாரும் கிடையாது. டிக்கெட் வருமானம் கூடினால் யுனைடெட்டோடு சமமாக நிற்கலாம் என்று போட்ட கணக்கு, மைதானம் திறந்த வேகத்திலேயே பழசாகிவிட்டது. கடன் தரும்போது வெங்கர் ஐந்து வருடம் இருக்கவேண்டும் என்று வங்கிகள் கேட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஒரு மேனேஜரையே கடனுக்குப் பிணை மாதிரி வைத்திருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

2012 நவம்பரில் எமிரேட்ஸோடு 15 கோடிக்குப் புது ஒப்பந்தம், 2014 முதல் பூமாவோடு சட்டை தயாரிக்கிற ஒப்பந்தம். மூச்சு விட இடம் கிடைத்தது அப்போதுதான். 2013 செப்டம்பரில் ஓசிலை 4 கோடியே 25 லட்சத்துக்கு வாங்க முடிந்தது அதனால்தான். ஆகவே 2013 வரை நள்ளிரவுகன்னர் சொல்வது சரி, அதற்கு அப்புறம் பத்தாம்நம்பர் சொல்வது சரி. என் பார்வைக்கு இது இரண்டு தனித்தனிக் காலம், ஒன்றை வைத்து மற்றதை நியாயப்படுத்தக்கூடாது.

வடலண்டன்வாசி எழுதியது:

நான் இங்கேயே இருக்கிறவன், ஊரை விட்டு வந்து 25 வருடம் ஆகிறது. ஹைபரியில் இரண்டு ஆட்டம்தான் பார்த்தேன், எமிரேட்ஸில் நிறைய. நீங்கள் கணக்கில் சொன்ன டிக்கெட் வருமானம் எங்கள் பையிலிருந்து போனது என்பதையும் எழுதவேண்டும். நாட்டிலேயே விலை கூடிய சீசன் டிக்கெட்டுகளில் எங்களுடையதும் ஒன்று. ஹைபரி காலம் தொட்டு வருகிற, எமிரேட்ஸில் என்னோடு ஆட்டம் பார்த்த ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவர முடியாமல் ஒருநாள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோப்பையும் இல்லை, விலையும் கூடுது என்றால் சனம் கோபப்படத்தானே செய்யும். ‘வெங்கர் அவுட்’ தாளைத் தூக்கிப் பிடித்தவர்களை எல்லாம் நன்றி கெட்டவர்கள் என்று தூரத்திலிருந்து சொல்லாதீர்கள் தம்பிமாரே. என் முன்வரிசையில் தாள் பிடித்தவர் 1998 இல் எவர்டனுக்கு எதிராக ஆடம்ஸ் நாலாவது கோல் போட்டதை நேரில் பார்த்தவர்.

2017-18 குளிர்காலத்தில் சிவப்பு இருக்கைகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன். டிக்கெட் விற்றிருக்கும், ஆள் வந்திருக்காது. சத்தம் போட்டால்கூட அதில் ஒரு பாசம் இருக்கிறது, வராமல் இருப்பது வேறு. அது எனக்குத் தாங்க முடியவில்லை.

யுனைடெட்காரன் எழுதியது:

வேறு கிளப் ரசிகன், இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். 2002 மே மாதம் எங்கள் மைதானத்திலேயே வில்டோர்ட் கோல் போட்டுப் பட்டத்தை எடுத்துப் போனீர்கள். அந்தக் காலத்தில் வெங்கரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் 2018 மே 6 அன்று பர்ன்லி ஆட்டம் முடிந்து சொந்த ரசிகர்களிடம் விடைபெற மைக் பிடித்தவர், முதலில் சொன்னது எங்கள் பழைய மேனேஜர் ஃபெர்குசன் குணமாகவேண்டும் என்பது. முந்தின நாள்தான் ஃபெர்குசனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. 22 வருடம் இருந்த இடத்தை விட்டுப் போகிற நாளில் அவருக்கு அது ஞாபகம் இருந்தது. அன்றையிலிருந்து அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை.

ஃபெர்குசன் 2013 இல் பட்டத்தோடு போனார், அதற்கு அப்புறம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஆகவே நேரத்தோடு போனாரா இல்லையா என்பதை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். எதை விட்டுப் போனார் என்று பாருங்கள்.

பத்தாம்நம்பர் எழுதியது:

நன்றி நண்பரே, நல்ல மனசு. ஆனால் 2013 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. அந்த ஏப்ரலில் பட்டத்தை உறுதி செய்துவிட்டு உங்கள் அணி எமிரேட்ஸுக்கு வந்தது. எங்கள் வீரர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்ட, நடுவில் வான் பெர்சி நடந்து வந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் கேப்டன். அந்த சீசனில் லீக்கில் 26 கோல் போட்டுப் பட்டத்தை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவர். எங்கள் ஆள்கள் முகத்தில் எதையும் காட்டாமல் தட்டினார்கள், கேமரா ஒவ்வொரு முகமாகப் போனது. கேப்டனை நேரடிப் போட்டியாளருக்கு விற்றது கடன் கட்டவா? அவரைத் தடுத்து வைத்து ஒரு வருடம் ஆட வைத்திருக்கலாமே. இதையும் ‘பெரிய வேலை’ என்கிற கணக்கில் சேர்க்கச் சொல்கிறீர்களா நள்ளிரவுகன்னர்?

நள்ளிரவுகன்னர் எழுதியது:

அந்த விற்பனை தவறு. அதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு நானும் டிவியை அணைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த வருடங்களில் ஒருநாள்கூட அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து ‘நிர்வாகம் பணம் தரவில்லை, நான் என்ன செய்ய’ என்று புலம்பவில்லை. செல்சி மேனேஜர் மௌரின்யோ அவரைத் தோல்வியில் நிபுணர் என்று சொன்னபோதும் நிர்வாகத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை. அடி முழுவதும் அவர் மேல் விழுந்தது, வாங்கிக்கொண்டார். என் அப்பா கூட்டுக் குடும்பத்துக் கடனை இப்படித்தான் அடைத்தார். பண்டிகைக்குத் துணி எடுக்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் அவரிடம்தான் சண்டை போட்டோம், அவர் காரணமே சொன்னதில்லை. வெங்கரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன்.

2014 எஃப்ஏ கப் (லீக் அல்லாத நாக்அவுட் கோப்பை) ஃபைனலை அப்பாவோடுதான் பார்த்தேன். நமக்கு இரவு ஒன்பதரைக்கு ஆரம்பம். எட்டு நிமிடத்தில் ஹல் சிட்டி இரண்டு கோல். மூன்றாவதும் விழுந்திருக்கும், கோல் கோட்டில் நின்று கிப்ஸ் தலையால் வெளியே தள்ளினார். ஒன்பது வருடமாகக் கோப்பை இல்லை, இப்போது இப்படி. அப்பாவுக்கு ஃபுட்பால் அவ்வளவாகத் தெரியாது, டிவி திரையில் வெங்கர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ‘அந்த மனுஷனுக்காகவாவது ஜெயிக்கணும்டா’ என்றார். கசோர்லா ஃப்ரீ கிக் மேல் மூலையில் போய் விழுந்தது, 71 ஆம் நிமிடம் கொசியெல்னி, கூடுதல் நேரத்தில் 109 ஆம் நிமிடம் ஜிரூ பின்னங்காலால் தட்டிக் கொடுக்க ராம்சே. முடிந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வீரர்கள் வெங்கரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அப்பா எழுந்து போய் இரண்டு டம்ளர் பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று லீக் பட்டங்களில் எதுவும் எனக்கு அந்த இரவு மாதிரி இல்லை.

புதுகன்னர்19 எழுதியது:

அண்ணா எல்லோருக்கும் வணக்கம். நான் பார்க்க ஆரம்பித்ததே வெங்கர் போன பிறகுதான், அதனால் வெளியிலிருந்து ஒரு விஷயம் கேட்கிறேன். எல்லோரும் 2011 ஆகஸ்ட் 28, ஓல்ட் டிராஃபோர்டில் 8-2, அதுதான் அவமானத்தின் உச்சம் என்று எழுதுகிறீர்கள். அந்தத் தோல்விக்கு மூன்று நாள் கழித்துப் பதற்றத்தில் வாங்கியவர்களில் ஒருவர் ஆர்டெட்டா, இன்னொருவர் மெர்ட்டசாக்கர். ஆர்டெட்டா பின்னால் கேப்டன் ஆனார், 2019 டிசம்பரில் மேனேஜராகத் திரும்பி வந்தார், 2020 இல் எஃப்ஏ கப் வாங்கினார். மெர்ட்டசாக்கர் அகாடமியை எடுத்து நடத்தினார். நான் கொண்டாடுகிற வீரர் சாகா அந்த அகாடமியில் ஏழு வயதிலிருந்து வளர்ந்தவர், அதாவது வெங்கர் காலத்திலேயே சேர்ந்தவர்.

அப்படியென்றால் நான் இப்போது நேசிக்கிற அணி உங்களுடைய மிக மோசமான வாரத்திலிருந்து வந்ததுதானே? லண்டன் கோல்னி பயிற்சி மைதானம் அனெல்காவை ரியல் மாட்ரிட்டுக்கு விற்ற பணத்தில் வந்தது என்று படித்தேன். 5 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய பையனை 2 கோடிக்கு மேல் விற்று, அந்தப் பணத்தில் மொத்தக் கிளப்புக்கும் வீடு கட்டியிருக்கிறார். நான் தினமும் பார்க்கிற பயிற்சி வீடியோக்கள் எல்லாம் அங்கேதான் எடுக்கிறார்கள்.

வடலண்டன்வாசி எழுதியது:

தம்பி சொன்னது நல்லாய் இருக்கு. இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அருமை தம்பி. ஒன்று சேர்க்கிறேன். 2007 ஏப்ரலில் துணைத் தலைவர் டேவிட் டீன் கிளப்பை விட்டுப் போனது இந்தக் கதையில் பெரிய திருப்பம். வெங்கரைக் கொண்டுவந்தவர், பேரம் பேசி ஆளைப் பிடித்தவர், முக்கியமாக வெங்கரிடம் நேராக ‘இது சரியில்லை’ என்று சொல்லக்கூடியவர். அவர் போன பிறகு அந்த நாற்காலியில் அவ்வளவு கனமுள்ள ஆள் யாரும் உட்காரவில்லை. பெரிய பங்குதாரர் அமெரிக்காவில், கிளப் முழுக்க ஒரே மனிதரின் தோளில். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம் மைதானத்துக்கு மேலே இரண்டு விமானம் பறந்தது ஞாபகம் இருக்கா? ஒன்றில் வெங்கருக்கு எதிரான வாசகம், இன்னொன்றில் ஆதரவு வாசகம். அதே வருடம் பேயர்னிடம் 5-1, 5-1, மொத்தம் 10-2. சாம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து ஏழாவது தடவையாக கடைசி 16 சுற்றோடு வெளியே. அப்படியும் மே மாதம் செல்சியை ஜெயித்து அவருடைய ஏழாவது எஃப்ஏ கப். அது ஒரு சாதனை, வேறெந்த மேனேஜரும் அத்தனை வாங்கியதில்லை. நான்கு நாளில் இன்னும் இரண்டு வருடம் கையெழுத்து. யாராவது ஒருவர் அந்த இரவு அவரைக் கட்டிப்பிடித்து ‘இதோடு போதும், இப்படியே போய்விடுங்கள்’ என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல ஆள் இல்லை. அதற்கு அவர் மட்டும் பொறுப்பா?

பத்தாம்நம்பர் எழுதியது:

அவரும் ஒரு பொறுப்பு. ஆனால் அவர் மட்டும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கோபம் அவர் மேலேயே போனதற்குக் காரணம் வேறு யாரும் கண்ணுக்குத் தெரியாததுதான்.

சரி, நள்ளிரவுகன்னர், சிலை விஷயத்துக்கு வருகிறேன். கையில் கோப்பை இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. வாங்கியவர்தானே. 2006 சாம்பியன்ஸ் லீக் பாரிஸ் ஃபைனலில் மட்டும் நம் கோல்கீப்பர் லேமனுக்கு 18 ஆம் நிமிடம் சிவப்பு அட்டை விழாமல் இருந்திருந்தால் வேறு கோப்பையும் இருந்திருக்கும். பத்துப் பேரோடு ஆடி, காம்ப்பெல் கோலில் முன்னிலை எடுத்து, 76 ஆம் நிமிடம் வரை பார்சலோனாவைப் பிடித்து வைத்தோம். கொட்டுகிற மழையில் பெல்லெட்டி அடித்த பந்து மாற்றுக் கோல்கீப்பர் அல்மூனியா காலுக்கு நடுவே போனது. நமக்கு விடியற்காலை இரண்டு மணி இருக்கும். அதற்கு அப்புறம் நான் தூங்கவே இல்லை.

வடலண்டன்வாசி எழுதியது:

2022 டிசம்பர் 26, வெஸ்ட் ஹாமோடு ஆட்டம். போன பிறகு முதல் தடவையாக வெங்கர் எமிரேட்ஸுக்கு வந்திருந்தார். நாங்கள் 3-1 ஜெயித்தோம். மேலே உட்கார்ந்திருந்தவரைப் பெரிய திரையில் காட்டினார்கள், முழு மைதானமும் எழுந்து நின்றது. மஃப்ளர் கட்டிக்கொண்டு, கொஞ்சம் மெலிந்து போயிருந்தார். கையைத் தூக்கிக் காட்டினார். முன்வரிசைக்காரர், நான் சொன்னேனே தாள் பிடித்தவர், அவரும் எழுந்து நின்றார். கைதட்டவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

புதுகன்னர்19 எழுதியது:

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு அந்தக் காலத்து ஆட்டம் பார்க்கவேண்டும் போல இருக்கு அண்ணா. தோற்காத சீசன் ஆட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். 2006க்கு அப்புறம், கடன் காலத்தில், முழு ஆட்டமாக ஒன்றே ஒன்று பார்க்கவேண்டும் என்றால் எது?

நள்ளிரவுகன்னர் எழுதியது:

2008 மார்ச் 4, சான் சிரோவில் ஏசி மிலான். அவர்கள் அப்போது ஐரோப்பாவின் சாம்பியன். பத்து நாள் முன்னால்தான் பர்மிங்காமில் நம் வீரர் எடுவார்டோவின் கால் உடைந்தது, கடைசி நிமிட பெனால்டியில் டிரா ஆனதும் கேப்டன் காலாஸ் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார், அணி சுக்குநூறாகப் போயிற்று என்று எல்லோரும் எழுதினார்கள். அந்தப் பையன்கள் மிலானுக்குப் போய் 84 நிமிடம் பந்தை வைத்துக்கொண்டு ஆடினார்கள். நடுக்களத்தில் ஃபிளமினி விடாமல் ஓடுவதைப் பார், ஹ்லெப் பந்தோடு திரும்புவதைப் பார். 84 ஆம் நிமிடம் 20 வயது ஃபாப்ரிகாஸ் தூரத்திலிருந்து தரையோடு அடித்தான், மூலையில் போய் விழுந்தது. பிறகு வால்காட் வலது பக்கம் ஓடிக் கொடுக்க அடேபயோர் இரண்டாவது. சான் சிரோவில் மிலானை ஜெயித்த முதல் இங்கிலாந்து கிளப் நாம்தான்.

முழு ஆட்டமும் இணையத்தில் கிடைக்கும். கோல்களை மட்டும் ஓட்டிப் பார்க்காதே, முதல் பாதியிலிருந்து பார். பார்த்துவிட்டு இங்கே வந்து எழுது தம்பி, காத்திருக்கிறேன்.